படத்தில் பெருமாள் இல்லை

"இதைப் போய் யாராவது வாங்குவாளா?" என்றார் ராம்ப்ரசாத் சித்தப்பா. திருப்பதியில் அந்த கேமரா கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவருடைய நாலாவது ஆட்சேபணை அது.

நீரஜா விடவில்லை. எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கிறவள். ரசத்துக்கு உப்பு போதுமா என்பதைக்கூட விவாதித்துத்தான் ஒத்துக்கொள்வாள்.

"ஏன் வாங்கக் கூடாது?"

"லென்ஸைக் கழட்டி மாட்டற பெரிய கேமராவா வாங்கு. இல்லேன்னா போனே போதும். இது ரெண்டுங்கெட்டான்."

"போன் படத்தை இழுத்துப் பெரிசாக்கும், அவ்வளவுதான். முகம் கோலமாவு மாதிரி உதிர்ந்துடும். இதுல லென்ஸே நீளறது, அறுபது மடங்கு. பெரிய கேமராவுக்கு அந்த தூரத்து லென்ஸ் வேணும்னா நம்மாத்தை எழுதிக் கொடுக்கணும், சித்தப்பா."

கடைக்காரர் சுரேஷ்பாபு சிரித்தார். "அம்மாயி சொல்றது கரெக்டே சார். ஆனா ஒண்ணும்மா, ராத்திரிக்கு இது சரிப்படாது. நல்ல வெளிச்சம் வேணும்."

"காலைலதான். பிரம்மோற்சவத்துல சூரியப்பிரபை வாகனம். மாட வீதில வர்றப்ப ஒரே ஒரு நல்ல படம் வேணும். இந்த வருஷமே வேணும்."

"அடுத்த வருஷம் பெருமாள் வர மாட்டாராமா?" என்றார் சித்தப்பா.

அவள் ஸ்காலர்ஷிப்பில் சேர்த்த பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

பத்து நாள் பழகினாள். முழு ஜூமில் மூச்சு விட்டாலே படம் ஆடியது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, நாலு தெரு தள்ளி இருந்த தென்னைமரத்துக் காக்காயைக் குறி வைத்தாள். முதல் நாள் வெறும் வானம். ஆறாம் நாள் காக்காயின் கண் விழுந்தது.

சூரியப்பிரபை முடிந்த மத்தியானம், கேமராவை டிவியில் இணைத்தாள். சித்தூரிலிருந்து சித்தப்பாவும் வந்திருந்தார். அப்பா வெங்கடராகவன் தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

முதல் படத்தில் மாலையின் நுனி. இரண்டாவதில் பிரபையின் அடிவிளிம்பு. மூன்றாவதில் யாரோ ஒருவரின் முழங்கை.

"பெருமாள் எங்கேடி?" என்றார் சித்தப்பா.

"மேல இருக்கார்."

"படத்துக்கு மேலயா? திருமுகத்தையே வெட்டிட்டு எடுத்திருக்கே. கத்துக்குட்டிக்கு இவ்வளவு ஜூம் ஆகாதுன்னு அப்பவே சொன்னேன். எங்கண்ணா இருபத்தாறு வருஷமாப் பெருமாளைத் தோள்ல சுமந்து ஏளப்பண்றார். அவர் பொண்ணுக்குப் பெருமாளைப் படத்துல ஏளப்பண்ணத் தெரியலை."

"முழங்கை குறுக்க வந்தது என் தப்பு. வெட்டினது தப்பில்லை."

"இதுக்கும் வாதமா?"

"அடுத்ததைப் பாருங்கோ."

அடுத்த படம் டிவியை நிறைத்தது.

வாகனத்தைச் சுமக்கும் தண்டு. அதன் அடியில் சிவந்து காய்த்துப்போன ஒரு தோள். தண்டோடு ஒட்டிய கன்னம். வேர்வையில் கரைந்து வழியும் திருமண். பாரத்தில் பல்லைக் கடித்திருந்தது அந்த முகம்; கண் மட்டும் சிரித்தது.

வெங்கடராகவனின் கை தோளிலேயே நின்றுவிட்டது.

"ஊரே பெருமாளைத்தான் எடுக்கறது, சித்தப்பா. தண்டுக்குக் கீழ அப்பா இருக்கற படம் ஒண்ணுகூட நம்மாத்துல இல்லை. தோள் தாங்காது, இந்த வருஷத்தோட விட்டுடணும்னு டாக்டர் சொல்லியாச்சு. நான் வேற எப்ப எடுக்கறது?"

"இதை எனக்கு அனுப்புடி. பெரிசாப் பிரேம் போட்டு ஹால்ல மாட்டணும்" என்றார் சித்தப்பா.

அம்மா பத்மினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு டிவி பக்கத்தில் போய் நின்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து அந்தக் கூட்டத்துல நின்னு பெருமாளைச் சேவிக்கறேன். தூக்கறச்சே உங்க முகம் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."