பூசணிப் பாட்டு

பள்ளி ஆண்டு விழா மேடையில், சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் கீபோர்டுக் கலைஞர் கட்டைகளின் மேல் விரல்களை வைத்தபடி நிற்கிறார். ஜன்னல் வழியே விழும் மாலை வெயில் வெள்ளைக் கட்டைகளை மஞ்சளாக்குகிறது. "சார், அந்தப் பூசணிப் பாட்டு!" என்று அரங்கமே கத்துகிறது. 'பூசணி நடந்தா பூமி ஆடுது' என்று பருமனான பெண்ணொருத்தியைக் கேலி செய்து அவரே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. அவருக்குப் பேரும் வீடும் தந்த பாட்டு. பழக்க தோஷத்தில் விரல்கள் தொடங்கிவிடுகின்றன. உடனே மூன்றாவது வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள். அங்கே சீருடையின் பொத்தான்கள் இறுக, அவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள். "ஏய் பூசணி, உங்கப்பா உன்னைத்தான் கூப்பிடறாரு, எழுந்திருடி!" என்கிறது ஒரு குரல். அவர் விரல்கள் நின்றுவிடுகின்றன. ஸ்பீக்கரில் கீபோர்டு தானாகப் போடும் தாளம் மட்டும் டம் டம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தும் விசையைத் தேடிக் கை தடுமாறுகிறது. "வாசிங்கப்பா, பரவாயில்ல!" என்று மகள் எழுந்து நின்று கத்துகிறாள். மற்றவர்கள் சிரிப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு சிரிக்கிறாள். அது எத்தனை வருஷப் பழக்கம் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.