மூன்றாவது கேள்வி

எட்டு மாதம் வைத்துப் பார்த்துக்கொண்ட வீட்டைப் பற்றி ஒரு பிள்ளை அப்படிச் சொல்லுமா?

சொல்லியிருக்கிறாள். அதுவும் ஒரு தடவை இல்லை, எட்டு தடவை.

"மாசா மாசம் வந்து, தனியா உக்கார வச்சு மூணு கேள்வி கேக்கறேன்மா," என்றார் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த மேடம், ஃபைலைப் புரட்டியபடி. "நல்லா சாப்பிடறியா? ஆமாங்கறா. நல்லா தூங்கறியா? ஆமாங்கறா. இந்த வீட்டுல சந்தோஷமா இருக்கியா? இல்லங்கறா."

பிள்ளையை எட்டு மாதம் வளர்த்தவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எப்பேர்ப்பட்ட கசங்கலையும் ஒரே இழுப்பில் நிமிர்த்திவிடுவாள் என்று கடையில் பேர். இப்போது அவள் முகம்தான் கசங்கிப் போயிருந்தது.

"இதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு வீட்டுலயும் இப்படித்தான் சொன்னாளா மேடம்?"

"இல்லம்மா. அங்கெல்லாம் 'சந்தோஷமா இருக்கேன்'னுதான் சொல்லியிருக்கா. ஆனா அது தற்காலிக வீடுங்க. பிள்ளை தேறிட்டா அடுத்த பிள்ளைக்கு இடம் விடணும்னு கூட்டிட்டு வந்துடுவோம். உங்க வீட்டுலதான் நிரந்தரமா தத்து குடுக்கலாம்னு பாத்தோம். பிள்ளைக்கே பிடிக்கலைன்னா நாங்க என்ன செய்ய முடியும்?"

அவள் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அங்கெல்லாம் சந்தோஷம். இங்கே இல்லை.

"வேணும்னா இன்னொரு மாசம் பாக்கறீங்களா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு மேடம்? பேப்பரைக் குடுங்க."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பேப்பரில் விறுவிறுவென்று கையெழுத்தைப் போட்டுவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "லிஃப்ட்ல ஏதோ சத்தம் கேட்டுச்சு, பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போனார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உள் அறையில் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள் சுண்டெலி. பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரலில் பேசுவாள் என்று மெக்கானிக் வைத்த பெயர் அது. எட்டு வயது. பள்ளிக்கூட ஷூவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரிக்காரி உள்ளே வந்து பீரோவைத் திறந்து சுண்டெலியின் துணிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் அவளே தேய்த்து மடித்தவை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்கொரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கிடைத்ததற்கு நன்றி சொல்வது மாதிரி. "இன்னைக்கு லிஃப்டுக்குள்ள யாரும் மாட்டிக்கல" என்பார் மெக்கானிக். "ஒரு சட்டையும் கருகல" என்பாள் அவள். அடுத்தது, தனக்கென்று வாங்கிய நீலத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முறை.

"ஒண்ணுமில்ல" என்பாள் சுண்டெலி.

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடறே?" என்று மெக்கானிக் கிண்டல் பண்ணுவார். சிரிப்பு வந்தால்கூட அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தினமும் அதே பதில்தான். போகப் போகச் சரியாகிவிடும் என்று இஸ்திரிக்காரியும் விட்டுவிட்டாள். இப்போது அதெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வர, பையைக் கட்டிலில் ஓங்கி வைத்தாள்.

"உனக்கு என்னடி குறை வச்சோம்?"

சுண்டெலி ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

"நல்லதா ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? நன்றி கெட்டவ."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுண்டெலி ஷூவின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போற இடத்துலயாவது அந்த மூணாவது கேள்விக்கு நல்ல பதிலா சொல்லு. அவங்களாவது சந்தோஷப்படட்டும்."

"சொல்லுவேன் அத்தை. போன உடனே சொல்லிடுவேன்."

சுருக்கென்றது. "அங்க போய்ச் சொல்லுவே. இங்க மட்டும் சொல்ல மாட்டே. அப்படித்தானே?"

"ஆமா."

"ஏன்?"

சுண்டெலி கதவைப் பார்த்தாள். மேடம் ஹாலில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வந்து, அத்தையைக் குனிய வைத்துக் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"முதல் வீட்டுல, சந்தோஷமா இருக்கேன்னு மேடம்கிட்ட சொன்னேன். அடுத்த வாரமே கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டாவது வீட்டுலயும் சொன்னேன். அங்கேயும் அப்படித்தான்."

மடித்துக்கொண்டிருந்த கவுன் பாதியில் நின்றது.

"அதான் இங்க சொல்லவே இல்ல. சாப்பிடும்போதுகூட சொல்லல. மாமா வாய் தவறி மேடம்கிட்ட சொல்லிட்டா? அப்படி இருந்தும் எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க அத்தை."

 அத்தைக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சின்னக் கை அவள் கன்னத்தைத் துடைத்தது.

"அழாதீங்க. அங்க போனதும் முதல் நாளே சந்தோஷமா இருக்கேன்னு சொல்லிடறேன். உடனே அனுப்பிடுவாங்க, நான் இங்க வந்துடறேன். அதுவரைக்கும் என் நீலத் தட்டை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."