வெர்னாவின் மூன்று புகார்கள்

பக்கத்து வீட்டு டேரல் கஞ்சாச் செடிகளை வெளியே வைத்த அரை மணி நேரத்தில் வெர்னா போலீசுக்குப் போன் போட்டுவிட்டாள்.

எங்கள் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் கஞ்சா வளர்ப்பது குற்றமில்லை. வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம். டேரல் சரியாக நாலுதான் வைத்திருந்தான். ஏப்ரலில் விதை போட்டு, சமையலறை ஜன்னலோரம் கண்ணும் கருத்துமாய் வளர்த்த நாற்றுகள். மே இரண்டாம் வாரம் நாலு நாள் நல்ல வெயில் அடித்ததும் தொட்டியோடு தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

எல்லாம் அவன் மனைவி காலீனுக்காக. நரம்பு நோய்க்காரி. கால் இரண்டும் கட்டை போல இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கஞ்சாப் பூவை எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தால்தான் கொஞ்சம் தளரும். போன வருஷம் வைத்தது அத்தனையும் பனியில் போய்விட, குளிர்காலம் முழுக்க அவள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது.

வெர்னாவும்தான் பார்த்தாள். பார்த்துவிட்டும் போன் போட்டாள்.

கான்ஸ்டபிள் திபோடோ வந்தார். பட்டணத்திலிருந்து புதிதாக வந்தவர், சட்டப் புத்தகத்தின் மடிப்புகூட இன்னும் கலையாதவர். வெளியே வளர்த்தால் வேலிக்குப் பூட்டு வேண்டுமாம். டேரல் வீட்டில் வேலி இருந்தது, பூட்டு இல்லை. பூட்டுகிற வரை செடிகள் உள்ளே போகட்டும் என்றார். போயின.

டேரல் என் கடைக்கு வந்து பூட்டு வாங்கினான். வாங்கும்போது வெர்னாவைப் பற்றி அவன் சொன்னதை எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

அடுத்து, மே மாதக் கடைசியில் வரும் விக்டோரியா தின விடுமுறை. இங்கே எல்லாரும் தக்காளியும் பீன்ஸும் நடுகிற மூன்று நாள். டேரலும் செடிகளை வெளியே எடுத்தான். திபோடோ அளவு நாடாவோடு வந்து நின்றார். வேலி ஐந்தடி இருக்க வேண்டும், ஓர் அங்குலம் குறைகிறது என்று புகார்.

அளந்தார். ஓர் அங்குலம்தான் குறைந்தது. செடிகள் மறுபடி உள்ளே. பலகை வந்து, அறைந்து முடிக்கப் பத்து நாள் ஆனது.

ஊர் சும்மா இருக்குமா? சர்ச் விருந்துக்கு வெர்னா ஆப்பிள் பூரணம் வைத்துச் சுட்டுக்கொண்டு போன பலகாரத்தை ஒருத்தரும் தொடவில்லை. அவள் அதை அப்படியே திரும்பக் கொண்டுபோனாள். நானும் ஒரு துண்டு எடுக்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜூன் முதல் வாரம் மூன்றாவது புகார் வந்தது. டேரல் வீட்டில் நாலு இல்லை, ஐந்து செடி இருக்கிறது.

ஐந்தாவது தக்காளிச் செடி. திபோடோ குனிந்து முகர்ந்து பார்த்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். தக்காளி மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிடுகிறேன், பதில் வரும்வரை எல்லாம் உள்ளேயே இருக்கட்டும் என்றார்.

டேரல் நேரே போய் வெர்னாவின் கதவைத் தட்டினான். நான் தெருவில்தான் நின்றேன்.

"என் பொண்டாட்டி வலியில துடிக்கறது உங்களுக்கு வேடிக்கையா இருக்கா? அந்தச் செடி உங்கள என்ன பண்ணுச்சு?"

"சட்டம்னா சட்டம்தான், டேரல்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நாலாம் நாள் விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. ஜூன் ஒன்பதாம் தேதி உறைபனி.

பத்து மணிக்குள் ஊரில் நட்டதெல்லாம் கறுத்துத் தொங்கியது. என் பீன்ஸ் போச்சு. பாதிரியாரின் பூசணி போச்சு. கடைக்கு வந்த அத்தனை பேர் முகத்திலும் இழவு வீட்டுக் களை.

டேரல் வீட்டு நாலு செடியும் காலீனின் கட்டிலுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், பச்சைப் பசேல் என்று நின்றன. கூடவே அந்தத் தக்காளியும்.

மத்தியானம் வெர்னா கடைக்கு வந்தாள். என் போனைக் கேட்டு வாங்கி எண்களை அழுத்தினாள்.

"தம்பி திபோடோ, என் புகார வாபஸ் வாங்கிக்கறேன். அது தக்காளிதான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல போல."

போனை வைத்தாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. இந்த வருஷம் அவள் தோட்டத்தில் இன்னும் ஒரு செடிகூட நடவில்லை.

"வெர்னா, பனி வரும்னு தெரிஞ்சேதான் இதெல்லாம் பண்ணியா?"

"ஜூன் பௌர்ணமி தாண்டாம எதையும் வெளிய வைக்கக் கூடாது. இது தெரியறதுக்கு ஜோசியமா பாக்கணும்?"

"அத அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே. ஊர் பூரா உன்னைத் திட்டிச்சு."

"போன வருஷம் சொன்னேனே, ரெண்டு தடவ. கிழவிக்கு வேற வேலை இல்லன்னு சிரிச்சான். பன்னெண்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி அவனக் கூட்டிட்டுப் போனவ நான். உக்காருன்னு சொன்னா நிப்பான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சர்ச் விருந்தில் யாரும் தொடாத அந்தப் பலகாரம் நினைவுக்கு வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் கேட்கிற பொறுமையில் இல்லை. கையுறையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"பௌர்ணமி முடிஞ்சதும் செடிய வெளிய வைக்கலாம்னு நீயே அவன்கிட்ட சொல்லிடு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா உள்ளயே வச்சுக் கெடுத்துருவான்."