நாலு தடவை வரவில்லை

“இந்தப் பொண்ணு நாலு தடவை பிள்ளையைப் பாக்க வரலைன்னு எவன் எழுதினான்?”

டார்லா போட்ட சத்தத்தில், டென்னசி மலையடிவாரத்து அந்தக் கோர்ட் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அரசாங்கம் எடுத்து வளர்க்கும் கைக்குழந்தைகளின் வழக்குகளுக்கென்றே உள்ள கோர்ட் அது. அவசரமாகக் கிளம்பி வந்ததில், சட்டைத் தோளில் காய்ந்திருந்த பால் கறையைக்கூட அவள் துடைக்கவில்லை.

குழந்தைகள் நல அதிகாரி கர்ட்டிஸ் திங்கட்கிழமைதான் வேலையில் சேர்ந்தவன். இந்த வழக்குக்கு மூன்றாவது ஆள். “நான் எழுதலம்மா, ஃபைல்ல இருக்கு. உங்க மக மேல எனக்கென்ன கோபம்?” என்றான்.

“மூணு மணிச் சந்திப்பைப் பதினோரு மணிக்கு மாத்தினீங்களே, இவகிட்ட யாரு சொன்னது?”

“லெட்டர் போயிருக்கும்மா.”

“எந்த வீட்டுக்கு? அவ காலி பண்ணி ஆறு மாசமான வீட்டுக்கா? கோழி வறுக்கிற கடையில வேலையை முடிச்சு, ரெண்டு பஸ் மாறி ஓடி வந்து, பூட்டின கதவைத் தட்டிட்டுப் போயிருக்கா. அதுக்குப் பேரு வரலையா?”

ரேலின் தலைகுனிந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. போதை மாத்திரையை விட்டு ஒன்பது மாதமாகிறது. வாராவாரம் நடக்கும் சோதனையில் ஒருமுறைகூட அவள் சிக்கியதில்லை.

“விடுங்க, டார்லா. கத்தினா என் பிள்ளை ஜூனி கெடைச்சிடுவாளா?”

“கத்தாம இருந்துதான் பிள்ளையைப் பிரிஞ்சு பதினோரு மாசம் போச்சு.”

உள்ளே அழைத்தார்கள். குழந்தைகள் நலத் துறையின் வக்கீல் எழுந்து காகிதத்தைப் பார்த்தபடி பேசினார். “குழந்தைக்கு ஒன்றரை வயசு. தாய் சந்திப்புக்கே வர்றதில்லை. குழந்தையை நாங்க ஒப்படைச்சிருக்கிற வளர்ப்புத் தாய் தத்தெடுக்கத் தயாரா இருக்காங்க. பெத்தவளோட உரிமையை ரத்து பண்ணணும்னு கேட்டுக்கறோம்.”

ரேலின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பொய்,” என்று டார்லா எழுந்தாள். “அந்த வளர்ப்புத் தாய் அப்படிச் சொல்லவே இல்ல.”

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். டார்லாவை அவர் இதுவரை கோர்ட்டில் பார்த்ததில்லை. “உட்காருங்கம்மா. மகளுக்காகப் பேசறீங்க, புரியுது. ஆனா அவங்க மனசுல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த வளர்ப்புத் தாயே நான்தாங்க. என்னை யாரு கேட்டா?”