கயிற்றில் கோத்த நாவல்

நாவல் தொடங்குமுன் திருமேனி ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஓர் அட்டையில் சுருக்கமாக எழுதி, துளையிட்டு, அறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் கோத்துவிடுவார். கோத்தது வரிசை மாறாது. எழுதும்போது கதையும் வழி தவறாது. இம்முறை நாயகிக்குத் தன் மனைவி கோமதியின் சிரிப்பைக் கொடுத்திருந்தார். கடைசிக்கு முந்தைய அட்டையில் அந்த நாயகி இருமி இருமிச் செத்துப்போகிறாள். அந்த அட்டையைக் கோத்த வாரத்திலிருந்து கோமதிக்கும் இருமல். “என்னைக் கொன்னுட்டீங்கன்னா அடுத்த அத்தியாயத்துல உங்களுக்கு யாரு காபி போடுவா?” என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, நிற்கவேயில்லை. திருமேனி பாய்ந்து அந்த அட்டையைப் பிய்த்தெடுத்தார். தொய்ந்த கயிற்றில் கடைசி அட்டை மெல்லச் சறுக்கி வந்து, அதன் இடத்தில் நின்றது. அதில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘அவன் மட்டும் வீடு திரும்புகிறான்.’