பதில் வாசனை

தனியாகத் தாக்கினால் உடம்பு விழித்துக்கொண்டு தீர்த்துக்கட்டிவிடும் என்பது குடலில் ஒளிந்திருந்த நோய்க்கிருமிக்குத் தெரியும். அதன் இனத்தில் ஒவ்வொன்றும் ஒரு வாசனையை விடும். அந்த வாசனை மூக்கைத் துளைத்தால் கூட்டம் சேர்ந்துவிட்டது, பூட்டிவைத்த விஷத்தைத் திறக்கலாம் என்று அர்த்தம்.

அதுவும் தன் வாசனையை விட்டுப் பார்த்தது. பதில் வாசனை வரவேயில்லை.

"என்னண்ணே, எங்க ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?" என்று பக்கத்தில் குடியிருந்த தயிர்க்கிருமியிடம் கேட்டது.

"நானும் பார்க்குறேன் தம்பி, ஒரு ஈ காக்காகூட இல்ல. எதுக்கும் இன்னொரு தடவை விட்டுப் பாரு."

நோய்க்கிருமி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசனையை விட்டது. அடுத்தடுத்த மடிப்புகளில் ஒளிந்திருந்த அதன் சொந்தக்காரர்கள் ஆயிரம் பேரும் அதே நேரத்தில் விட்டார்கள்.

அத்தனை வாசனையையும் உறிஞ்சிக் குடித்த தயிர்க்கிருமி வாயைத் துடைத்துக்கொண்டது.

"பாவம்பா நீ," என்றது. "உனக்குன்னு யாருமே இல்ல."