வாய்க்கால் ஆமை
பூம்புகார்க் கடற்கரையில் காலை வெயில் இளமஞ்சளாக விழுகிறது. ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடும் சுற்றுலாவுக்கு, நான் ஒரு படி மேலே போய், பாபநாசத்து வாய்க்காலில் பிடித்த ஆமையையே வாளியில் கொண்டுவந்திருக்கிறேன். செல்ஃபிக்குச் சிரித்தபடி அதை அலையில் விடுகிறேன், கூட்டம் கைதட்டுகிறது. குஞ்சுகளுக்குக் காவலிருக்கும் இர்ஃபானா மட்டும் அலறுகிறார். "என்ன சார் பண்ணிட்டீங்க! கால்ல நகம் இருந்துச்சே, பாக்கலையா? கடலாமைக்குத் துடுப்புல்ல இருக்கும்! இது நல்லதண்ணி ஆமை சார், உப்புல செத்துப்போயிடும்!" சிரித்த வாய் எனக்கு மூடவில்லை. அவர் சுடிதாரோடு இடுப்பளவுத் தண்ணீரில் பாய்ந்து துழாவுகிறார். நானும் கடலையே மொண்டுவிடுபவன்போல வாளியோடு ஓடுகிறேன். நுரைக்கு நடுவே குட்டித் தலையொன்று மேலே வருகிறது. எங்களைப் பார்த்துத்தான் நீந்துகிறது. திரும்பும் ஒவ்வோர் அலையும் அதை இன்னும் கொஞ்சம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.